எர்த் இல்லாத வீடு

ஐயோ, ஷூவக் கழட்டாதீங்க எஞ்சினியர் தம்பி! அப்படியே வாங்க. கம்பளம் அழுக்கானா ஆகட்டும், தட்டிக்கிறேன். இந்த வீட்டுல வெறுங்காலோட யாரும் நடக்கிறதில்ல. அதோ பாருங்க, ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி ஒரு ஜோடி, வாஷிங் மெஷினுக்கு முன்னாடி ஒரு ஜோடி, குளியலறை வாசல்ல ஒரு ஜோடி. எல்லாம் ரப்பர் செருப்பு.

சிரிக்காதீங்க. எங்க மன்சூரா ஊர்ல பாதி வீடு இப்படித்தான். உங்க வீடு எப்படியோ.

என் வீட்டுக்காரரா? நீங்க வாசல்ல நின்னு, மின்சார ஆபீஸுக்குப் புகார் வந்திருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே கிளம்பிட்டார். கீழ காப்பிக்கடை சுப்ஹியோட மல்லுக்கட்டப் போயிருக்கார். எங்க ஏசி தண்ணி அவன் நாற்காலி மேல சொட்டுதுன்னு போன கோடையில ஒரு சண்டை. அதனால போட்டுக் குடுத்தது அவன்தான்னு எங்க வீட்டு ஹாஜி மித்வல்லி முடிவு பண்ணிட்டார். என் புருஷன் முதல்ல முடிவு பண்ணுவார், யோசிக்கிறதெல்லாம் அப்புறம்தான். கத்திட்டு வரட்டும். நீங்க டீயக் குடிங்க. கேஸ் அடுப்புல போட்டதுதான், கரண்டுல இல்ல, பயப்படாதீங்க.

எர்த்தா? இருந்துச்சு. என் மாமனார் காலத்துல இரும்புத் தண்ணிக் குழாய்ல கம்பியக் கட்டி விட்டிருந்தாங்க. அப்புறம் குழாய் துருப்பிடிச்சுப் போச்சுன்னு இவர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். கம்பிய யார் நினைச்சுப் பார்த்தா? அது பாட்டுக்குச் சுவத்துக்குள்ள கிடக்கு, எதையும் தொடாம. இப்ப கீழ ஹீட்டர்ல கோளாறுன்னா மேல ஃப்ரிட்ஜத் தொட்டா கரண்டு கடிக்குது.

மொட்டை மாடியில புது வீடு எழுப்பியிருக்கே, பார்த்தீங்கல்ல? என் மகன் ஹாஸெமுக்கு. வர்ற வியாழக்கிழமை கல்யாணம். வீடு பூரா ஜிப்சம் சீலிங், அதுக்குள்ள குட்டிக் குட்டியா கலர் லைட்டு. கல்யாண மண்டபம் தோத்துச்சு போங்க. அத்தனையும் இதே பழைய லைன்லேர்ந்து இழுத்தது. புது மீட்டர் கேட்டா புது விதிப்படி செய்யணும்ல? மண்ணுல எர்த் இறக்கணும், ஒவ்வொரு பிளக்குக்கும் மூணாவது ஒயர் இழுக்கணும், கரண்டு கசிஞ்சா தானே விழுற சுவிட்சு போடணும். எலக்ட்ரீஷியன் சொன்ன தொகையக் கேட்டு இவருக்குத் தலை சுத்திடுச்சு. செம்பு விக்கிற விலை, சுவத்த வெட்டுற கூலி, டைல்ஸ உடைச்சுத் திரும்பப் பதிக்கிற கூலி. சின்னச் செலவுன்னு நானும் சொல்லமாட்டேன். ஆனா அந்தச் சீலிங்குக்கு ஆனத விட அதிகமில்லையே! இவர் கேக்கிறார், சுவத்துக்குள்ள கிடக்கிற கம்பிய எந்த விருந்தாளி வந்து பார்க்கப் போறான்னு. விதியெல்லாம் ஆபீஸ்காரங்க பொழைப்புக்குப் போட்டதாம். கோவிச்சுக்காதீங்க, அவர் சொன்னதத்தான் சொல்றேன்.

என்னது? நோட்டீஸ் மட்டும் ஒட்டிட்டுப் போறீங்களா? கல்யாணம் முடியட்டுமா? நல்ல மனசு தம்பி உங்களுக்கு. அந்த நோட்டீஸ உங்க பையிலயே வச்சுக்கோங்க. கல்யாணம் முடிஞ்சப்புறம் அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடுவாரா இவர்?

இன்னொண்ணு கேளுங்க. வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு ரிஹாப், எனக்கு மருமகளா வரப்போறவ, அம்மாவக் கூட்டிட்டு வீடு பார்க்க வந்தா. மேல குளியலறையில கை கழுவப் போனா. வெறுங்கால். தரையெல்லாம் ஈரம். ஹீட்டரத் தொட்டவ, ஒரே கத்து, என் மேல வந்து விழுந்தா. புறாக்குஞ்சு மாதிரி உடம்பு துடிக்குது. இவர் சிரிக்கிறார். வீடு மருமகளுக்கு முத்தம் குடுக்குதாம்! எல்லாரும் சிரிச்சாங்க, பெத்தவ உட்பட. நான் என்ன சொன்னேன் தெரியுமா? செருப்பு போட்டுக்கோ மகளே, பழகிடும்னேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல என் மாமியார் எனக்குச் சொன்னது அது. ஒரு எழுத்து மாறல. அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு, என் வாய்க்குள்ள உக்காந்திருந்திருக்காங்க. எனக்குப் பழகிடுச்சு தம்பி. அவளுக்குப் பழக வேணாம்.

அதனால கரண்டக் கட் பண்ணிட்டுப் போங்க. கல்யாணம் தள்ளிப்போனா போகட்டும். இருட்டு வீட்டுக்கு யாரும் பொண்ண அனுப்பமாட்டாங்க, அப்ப இவர் சீலிங்க உடைச்சுத்தானே ஆகணும்? ஹாஸெம் என்னோட பேசமாட்டான். பேசாமயே இருக்கட்டும், உயிரோட இருந்தாப் போதும்.

கீழ சத்தம் கேக்குதா? பாவம் சுப்ஹி, அல்லா மேல சத்தியம் பண்றான். உண்மையத்தான் சொல்றான் அவன். வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை காலையில உங்க ஆபீஸ் திறந்ததும் ஒரு பொம்பள ஃபோன் பண்ணி, பேர் சொல்லமாட்டேன், முகவரிய மட்டும் எழுதிக்கோங்கன்னாளே, இவ்வளவு நேரம் பேசுறேன், குரல் இன்னும் பிடிபடலையா உங்களுக்கு?

அவர் வரட்டும், நானே சொல்லிக்கிறேன், சுப்ஹிய வச்சுக்கிட்டே. மெயின் பெட்டி அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கு. இழுத்து விட்டுட்டு சீல் வைங்க.

ம்... ஃப்ரிட்ஜ் சத்தம் நின்னுடுச்சு. டீ ஆறிப்போச்சே, வேற போடுறேன். வாங்க தம்பி, இப்ப ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க.