தாம்பரம் ரயிலில் ஓர் அந்தமான் ஒத்திகை

எதிர் இருக்கைக்காரரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்றுதான் முதலில் நம்பினேன். தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும், பக்கத்திலிருந்த சிறுமியிடமும் சிறுவனிடமும் அவர் அன்பாகச் சொன்னார்: "மூணு நாளைக்குக் கரையே தெரியாது. அழுதாலும் யாரும் திருப்பிக் கொண்டாந்து விடமாட்டாங்க."

குரோம்பேட்டை நடைமேடையில் போலீஸ்காரர் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அந்தமானுக்குக் கப்பல்னா ஆசையாத்தான் இருக்குங்க. ஆனா இவ செங்கல்பட்டு பஸ்லயே வாந்தி எடுக்கறாளே."

"அதுக்குத்தானே இந்த ஒத்திகை. பீச் ஸ்டேஷன் வரைக்கும் தாங்கினா நாளைக்கே டிக்கெட். இல்லேன்னா இந்த வருஷமும் மாமல்லபுரம்தான்."

"கப்பல்ல நமக்கு ஜன்னல் உண்டாப்பா?" என்றாள் சிறுமி.

"நம்ம பட்ஜெட்டுக்கு அடித்தட்டுதாம்மா. மேல ஏறிப்போனா வானம் ஃப்ரீ. கண்ணை மூடிக்கோ. சுத்திலும் தண்ணி. மீனெல்லாம் பறந்துட்டு வருது. கப்பல் தூளி மாதிரி ஆடுது. இப்போ தயிர் சாதம் ஒரு வாய்."

ரயிலும் ஆடியது. சிறுமி கண்ணை மூடியபடியே மென்றாள். சும்மா இருக்காமல் நானும் மூடிக்கொண்டேன். பரங்கிமலை வந்தபோது எனக்குக் கரை மறைந்துவிட்டது. நீலத் தண்ணீர் மெல்லப் பச்சையானது. தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு மிதந்து வந்தது.

"அம்மா, இன்னும் ஒரு வாய்" என்று சிறுமியின் குரல் கேட்டது.

பீச் ஸ்டேஷன் வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது நான்.