மூன்று மணிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். என் மகன் முனிவேல் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவுக் காவல் பார்த்தான். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் மூன்றுக்கு எழுப்ப வேண்டும். ஆறின சோறு அவனுக்கு ஆகாது, அந்த நேரம் பார்த்துத்தான் வடிப்பேன். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் ஏதோ ஒரு மலையில், விடியற்காலை இவர்கள் தூங்கும்போது சுட்டிருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருந்தவன் இவன் தோளைப் பிடித்து உலுக்கியபடியே செத்துப்போனானாம். ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னான். ஊருக்கு வந்த முதல் வாரம், காப்பி ஆறுகிறதே என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தான், பார்த்தது என்னை இல்லை. என் கழுத்து அவன் கையில் இருந்தது. நான் யாரென்று தெரிந்ததும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். இரண்டாம் தடவை என் மணிக்கட்டு போயிற்று. குழாயடியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். அறையின் நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, கரண்டியால் தட்டில் மூன்று தட்டு. "முனி, அம்மாடா" என்று ஒரு குரல். அவன் "ம்" என்ற பிறகுதான் உள்ளே போவது. தொடவே கூடாது. இது ஒன்று தெரிந்தால் அவனோடு இருப்பதில் கஷ்டமே இல்லை. பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அவனே இரண்டு முறை கிளம்பினான். நான்தான் தடுத்தேன். பைத்தியம் என்று ஊர் பேர் வைத்துவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். தினமும் அந்தப் படியில் நிற்க எனக்குப் பயமாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

"வேணாம்மா" என்றான். நான் விடவில்லை. கடைசியில், "அப்போ பொண்ணுகிட்ட மொதல்ல சொல்லிடு. எனக்கு வாய் வராது. தெரிஞ்சி அவ சம்மதிச்சா சரி" என்றான்.

ஜோதிமணி மத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ட்ரெய்னியாக ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் பெண் வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பட்டாளத்துக்காரன், பென்ஷன் வருகிறது, குடி கிடையாது. எல்லாம் நிஜம். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். "சொல்லிட்டியாம்மா?" என்று முனிவேல் கேட்டபோது, "சொல்லிட்டேன். அதுக்கென்னன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு" என்றேன். அன்றைக்கு அவன் முகம் மலர்ந்ததைப் போல அவன் சின்ன வயதில்கூட நான் பார்த்ததில்லை.

தெரிந்தே தன்னைக் கட்டிக்கொண்டவள் என்று அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினான். அவளோ இவன் சுபாவமே இப்படி என்று நினைத்தாள். இருவரும் அவன் தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவளுக்குக் காலை ஷிப்ட், இவனுக்கு இரவு டியூட்டி. லீவு நாளில் தூங்குவதற்கு மட்டும் மாடிக்குப் போய்விடுவான். புழுக்கம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். ஓசூர்க் குளிரில் என்ன புழுக்கம் என்று வேறொருத்தி கேட்டிருப்பாள். அவள் கேட்கவில்லை. நல்ல பெண். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நான் தட்டைத் தட்டுவதைப் பார்த்து, "என்னா அத்தை, பூசை ஆரம்பிச்சாச்சா?" என்று சிரிப்பாள். அப்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிடுவாளோ என்று நாளைத் தள்ளினேன். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்த வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கு அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் அறை வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். தட்டும் கரண்டியும் பக்கத்தில்தான் இருந்தன.

"அத்தை, என்னைப் பர்மனென்ட் பண்ணிட்டாங்க. மூணு வருசமா காத்துட்டிருந்தது. இன்னிக்கி நானே அவரை எழுப்பறேன்" என்றாள்.

என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள். கட்டிலுக்கு ஏழெட்டு அடி இருக்கும். தொடாதே என்று சொல்ல நேரம் இருந்தது. தட்டைத் தட்டியிருந்தால்கூடப் போதும், அவன் விழித்திருப்பான். ஆனால் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்பாள். நான் சொல்லவே இல்லை என்பது அவனுக்கும் தெரிந்துவிடும். இவ்வளவையும் யோசித்தேன் மேடம். யோசிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. அடுத்த மொச்சையை எடுத்து உரித்தேன். அவள் குனிந்து அவன் தோளைத் தொட்டாள். அதிகம் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் எழுந்து உள்ளே போனேன். அவளுக்கு மூச்சு இல்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, ஜோதிமணிக்குத் தெரியுமா என்று. தெரியாது. நான் சொல்லவில்லை. கை அவனுடையது. அந்தக் கைக்கு அவளை அனுப்பி வைத்தது நான்.

நேற்று ஜெயிலில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அவனும் இதையே கேட்டான். "அவளுக்குத் தெரியும்தானேம்மா? அப்புறம் ஏன் தொட்டா?"

"தெரியும்பா. சந்தோசத்துல மறந்துட்டா" என்றேன்.

தலையை ஆட்டினான். பெற்றவள் வேறென்ன செய்ய முடியும்? நீங்கள் போய் வேறு மாதிரி சொல்லி அவன் மனதைக் கலைக்க வேண்டாம். வியாதியைக் காட்டினால் சில வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். எனக்குப் பிறகு அவனுக்குச் சோறு வடிக்க ஒருத்தி வேண்டும். தேன்கனிக்கோட்டையில் ஒரு இடம் காதில் விழுந்திருக்கிறது. ஏழைப்பட்ட குடும்பம்தான். இந்தத் தடவை அதே தப்பைச் செய்ய மாட்டேன். தாலி ஏறியதும் முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிடுவேன்.