துரை போனபின் உட்காராத காலர்

“தொர சீமைக்குக் கப்பல் ஏறுனதுலேர்ந்து இந்தக் கோட்டு காலரு கய்த்துல ஒக்கார மாட்டேங்குது, மாமு.”

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற குமாஸ்தா ஒருவர் தன் சிநேகிதரிடம் இப்படி அலுத்துக்கொண்டார். காலர் பிடரியை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது.

“அளவு எங்க குடுத்தே?”

“ஆபீஸ்லதான். தொரையே டெய்லர இட்டுகினு வந்து, எதுருல நின்னு பாத்துகினு இருந்தாரு. அப்பல்லாம் பூ மாரி ஒக்காந்துச்சு. இப்பதான் சொதந்தரம் வந்துட்ச்சே, நிமுந்து நடக்கறேன். காலரு தூக்கிகினு நிக்குது. டெய்லரு ரெண்டு தபா பிரிச்சுத் தச்சும் பேஜாரு தீரல.”

சிநேகிதர் காலரை அமுக்கிப் பார்த்தார். கையை எடுத்ததும் அது மறுபடி எழும்பிக்கொண்டது.

அப்போது எங்கள் ஓரமாக ஒரு கார் மெதுவாக வந்தது. உள்ளே கதர் ஜிப்பா போட்ட ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, எங்க புது மானேஜரு!” என்று பதறிய குமாஸ்தா, “குட்மார்னிங் சார்!” என்று இடுப்புவரை குனிந்தார். காரில் இருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

பின்னால் நின்ற சிநேகிதர் சொன்னார்:

“அப்டியே நில்லு, மாமு. காலரு இப்ப சோக்கா ஒக்காந்துகீது. இனிமே டெய்லராண்ட போவாத.”