பாதி மாத்திரை

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மாத்திரை கொடுப்பது நான்தான். என் கணவர் இருந்தவரை, அவருடைய ரத்த அழுத்த மாத்திரையைக்கூட நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார். அதனால் போதை மீட்பு மருத்துவமனையில் என் மகனுடைய மாத்திரையை என் பொறுப்பில் விட்டது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அவனுக்கு முப்பது வயது. முதுகு வலிக்கு என்று தொடங்கிய மாத்திரை, ஊசியில் வந்து நின்றது. அதிலிருந்து விடுவிக்க இன்னொரு மாத்திரை. தினமும் காலையில் ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு வாரம் ஒருமுறை அவன் ஆலோசகரிடம் போய்ப் பேச வேண்டும்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "மாத்திரை அவர நிதானமா வச்சிருக்கும்மா. அப்பத்தான் மனசுல கெடக்கறதப் பேச முடியும். ரெண்டும் சேந்து போனாத்தான் பலன்."

பலன் நன்றாகவே தெரிந்தது. தூங்கினான், சாப்பிட்டான், முகத்தில் களை வந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். பெற்றவள் இல்லையா.

பிறகு ஒரு காலையில், மாத்திரை கரைந்ததும் சொன்னான்: "அம்மா, சின்ன வயசுல மாமா எங்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டத ஆலோசகர் அம்மாகிட்டப் பேச ஆரம்பிச்சிருக்கேன். யாருன்னு இன்னும் சொல்லல. அடுத்த தடவ சொல்லிடுவேன். உன்னப் பத்தியும் சொல்லணும்மா."

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மாமா என்றால் என் தம்பி. என் கணவர் போன பிறகு எங்கள் இருவருக்கும் சோறு போட்டவன். அவனைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டுமாம். பத்து மாதம் சுமக்காத ஒருத்தி, மேசையில் டிஷ்யூ பெட்டியை வைத்துக்கொண்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பாளாம். இவன் என் குடும்பத்தை அவளிடம் கடை பரப்புவானாம்.

நான் மாத்திரையை நிறுத்தவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். காய் நறுக்கும் கத்தியால் பாதியாக்கினேன். "டாக்டர் கொறைக்கச் சொல்லிட்டாருப்பா" என்றேன்.

"அதுக்குள்ளயா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு வாயைத் திறந்தான். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை. பிறகு பாதியிலும் பாதி கொடுத்தேன்.

வியர்த்துக் கொட்டியது. உடம்பு முறுக்கியது. நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. ஆலோசகருக்கு நானே போன் செய்து, பையனுக்குக் காய்ச்சல் என்றேன். உட்கார முடியாதவன் எங்கே போய்ப் பேசுவான்? டாக்டர் சொன்னது சரிதான், இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

மறுபடி ஊசியைத் தேடுவான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

அன்று அவன் ஊசியோடு குளியலறையில் இருந்தான், நான் சமையலறையில் இருந்தேன். "அம்மா" என்று கூப்பிட்டான். ஒருமுறைதான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவி முடித்தேன். சின்ன வயதிலும் அப்படித்தான், ஒருமுறை கூப்பிட்டு நிறுத்திவிடுவான். தம்பி அவனோடு அறைக்குள் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்தது நான்தான்.

கடைசிவரை அவன் யார் பெயரையும் சொல்லவில்லை என்று அந்த ஆலோசகரே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். என் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான், நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.