நல்ல தண்ணீர்

அந்தப் பையைத் தையல் மெஷின் மேல் வைக்காதீர்கள், துணியில் ஈரம் படும். ஜன்னல் கொக்கியில் மாட்டுங்கள். புது இறால் துறுதுறுவென்றுதான் இருக்கிறது. பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் இதைத் தொட்டியில் விடமாட்டேன் என்கிறீர்கள். மீன் தொட்டிக் கடைக்காரர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உட்காருங்கள். என் மனைவி வேலையிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

இந்த முன்னறையில்தான் இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். எதிர்ச் சுவரோரம் அவளுடைய தொட்டி. தலை நிமிர்ந்தால் இறால் தெரியும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இதுவோ கடல் இறால், உப்புத் தண்ணீரிலேயே குடியிருந்தது. அதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே தினம் ஒரு டம்ளர் கொடுத்தேன். காய்ச்சி ஆறவைத்ததுதான். ஒரு டம்ளர் மொண்டுவிட்டு ஒரு டம்ளர் ஊற்றுவேன். அளவு விஷயத்தில் நான் கறார். ஒரு வாரம் கொடுத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் அதை ராசா என்று கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அந்தப் பெயர் என்னிடம் இருந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் பொருளை யாராவது எடுத்துப் புழங்கினால் நல்லதுதானே.

பிறகு ஒருநாள் அது சட்டை உரித்தது. உரித்த தோலை அவள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இங்க பாருங்க, ராசா சட்டை மாத்திட்டான். ஒரு தையல் இருக்கா பாருங்க. பத்துக் காலுக்கும் பத்துக் கை. எங்கயும் பிடிக்கல, எங்கயும் தொளதொளன்னு இல்ல. அளவுன்னா இது அளவு."

அப்போது அவள் போட்டிருந்தது நான் தைத்த ரவிக்கை. என் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, பஞ்சு வைத்து, அந்தத் தோலை அதில் படுக்க வைத்தாள். அவள் போனபின் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தையல் இல்லை. நல்ல வேலைதான், தொழில்காரன் பொய் சொல்லக் கூடாது. ஆனால் வயிறு எரிந்தது.

மறுநாள் நீங்கள் தொட்டியைப் பார்க்க வந்தீர்கள். நான் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். "திடீர்னு நல்ல தண்ணி நெறைய ஊத்திடாதீங்கம்மா, உசுரு தாங்காது" என்று அவளிடம் சொன்னீர்கள். நல்ல தண்ணி என்று நீங்களே சொல்லிவிட்டு, ஆகாது என்றும் சொன்னால், நான் எதை எடுத்துக்கொள்வது? முதல் பாதியை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனதும், தொட்டியிலிருந்த நான்கு வாளித் தண்ணீரையும் மொண்டு வரிசையாக வைத்தேன். நல்ல தண்ணீர் நான்கு வாளி ஊற்றினேன். இறால் கொஞ்ச நேரம் துள்ளியது. சந்தோஷம் என்று நினைத்தேன். பாவாடையை முடித்துவிட்டுப் பார்த்தபோது ஓரமாகச் சாய்ந்திருந்தது. பழைய தண்ணீரை வீணாக்கவில்லை, வாளிக்கு வாளி திரும்ப ஊற்றிவிட்டேன். அதனால்தான் உங்கள் கருவி உப்பைச் சரியாகக் காட்டுகிறது.

பழி அவள் தம்பி மேல் விழுந்தது. மூன்று மாதமாக இங்கே தங்கியிருந்தவர், தொட்டி பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்பார். "உன் பிஸ்கட் தூள்தான்டா அதைக் கொன்னுடுச்சு" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பீர்கள். இரண்டாவது தானாக விழுந்தது.

அவள் அழுதாள். "இப்படியே எப்படிங்க மண்ணுல போடறது?" என்றாள். நான் வெள்ளைப் பட்டு லைனிங்கில் அதற்கு ஒரு சட்டை தைத்தேன். பத்துக் கை, ஒவ்வொன்றும் பேனா ரீஃபில் பருமன். தையல் எல்லாம் உள்பக்கம். அவள் வாங்கித் திருப்பித் திருப்பித் தையலைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"எவ்வளவு அழகா இருக்கு ராசா" என்றாள்.

அவள் கையில் இறாலும் இருந்தது. ஆனாலும் என்னைத்தான் சொன்னாள்.

ஆக, நான்தான் கொன்றேன். தொட்டியில் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை. காரணம் தெரிந்துவிட்டது, நீங்கள் தாராளமாகப் புதியதை விடலாம். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். பழையதைவிட அரை அங்குலம் நீளம்.

பரவாயில்லை, லைனிங் மிச்சம் இருக்கிறது.