தொண்ணூற்றைந்தாம் நம்பர் ஜெட்

ஏர் ஃபில்டர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. அரைக் கிளாஸ் கட்டிங் சாயா ஆறுவதற்குள் முடித்துவிடலாம். பழைய டப்பாவைக் கழற்ற வேண்டும், கார்புரேட்டரின் வாயைத் துடைத்துப் புது ஃபில்டரைச் சொருக வேண்டும், கிளிப்பை இறுக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாகத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலையில் ஒரு நாளும் கை பிசகியதில்லை. அன்றைக்கும் பிசகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மராத்தியில் தாமே மாற்றிக்கொள்வதாக ஏட்டு நெல்லையப்பன் சொன்னார். "அண்ணாச்சி, அவசரமில்ல, நிதானமா எழுதுங்க" என்று தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனிதர்.

என் பெயர் பூலோகம். முத்துமாரி என் தங்கை. அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைக்கு வந்துவிடுவாள். கார்புரேட்டர் ஜெட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கி நம்பர் சொல்லுவாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தால், "அண்ணே, இது டீ கலரு, நல்லாருக்கு. இது வெள்ளை, காத்து கூடிட்டு, இஞ்சின் வெந்துபோவும்" என்பாள். பன்னிரண்டு வயதிலேயே சமையலும் அவள் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்குக் கேரியர் கடைக்கு வரும்.

மூன்று வருடத்துக்கு முன் தமிழ்செல்வனுக்குக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். தாணேயில் ஒரு மருந்து குடோனில் வேலை, செம்பூரில் வாடகை அறை. கல்யாணத்துக்குப் பிறகும் முத்துமாரி தினமும் பஸ் பிடித்து ஒரு மணிக்குக் கேரியரோடு வந்தாள். "மச்சான், முதல் கரண்டி ஒங்களுக்கு, அடிச்சட்டி எனக்கு. என்ன ராசியில பெறந்தீங்களோ!" என்று மாப்பிள்ளை கேலி செய்வார். நானும் சிரிப்பேன். அவரைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மச்சான், பூனாவுல சூப்பர்வைசர் போஸ்ட் குடுத்திருக்கான். அடுத்த மாசம் ஷிஃப்ட் ஆயிடுவோம்" என்றார். முத்துமாரி எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அது பயத்தில் வந்த சிரிப்பு. ஊர் தெரியாது, ஆள் தெரியாது, வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் அவளுக்குத் தெரியாது. இருபத்தொரு வருடம் வளர்த்தவனுக்கு அவள் முகம் தெரியாதா?

அடுத்த ஞாயிறு அந்த ஃபில்டரை அவரே கொண்டுவந்தார். நான் வாங்கச் சொல்லவில்லை. குர்லாவில் வாங்கிய சிவப்புக் கூம்பு ஃபில்டர். "சவுண்டு சும்மா அள்ளும் மச்சான், பிக்கப்பும் ஏறும். யூட்யூப்ல பாத்தேன்" என்றார். அவருடையது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. அதன் மேல் அவருக்கு உயிர்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளைத் திருகு, பட்டாணி அளவு. அதன் நடுத்துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். நம்பர் கூடினால் துளை பெரிது. அந்தக் கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் போட்டால் காற்று கூடும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும், ஏனென்றால் இந்த வகை வண்டியில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. ஆகவே ஃபில்டரை மாற்றினால் ஜெட்டையும் பெரிதாக்க வேண்டும். அவர் வண்டியில் இருந்தது தொண்ணூற்றைந்து. நூற்றைந்து போட்டிருக்க வேண்டும்.

விபத்துக்கு மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், ஜெட் மாற்ற மறந்துவிட்டேன் என்றேன். அது சரியில்லை. மறக்கவில்லை. எண்பதாம் நம்பர் போட்டேன். டப்பாவில் கைக்கு வந்ததைப் போட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அதுவும் சரியில்லை. எண்பதாம் நம்பர் டப்பாவின் அடியில் கிடந்தது. தேடித்தான் எடுத்தேன்.

சந்துக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஹைவேயில் நாலைந்து கிலோமீட்டர் முழுதாக முறுக்கினால்தான் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். "மாப்ள, காலைல ரோடு காலியா இருக்கும்போது நல்லா முறுக்கிப் பாருங்க" என்றேன். கார்புரேட்டர் வேலை பார்த்தால் நானே ஒரு சுற்று ஓட்டி, சூட்டோடு பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு ஓட்டவில்லை. முத்துமாரி பின்சீட்டில் ஏறப் போனாள். "புது வேல பாத்த வண்டி, ரெண்டு பேரு பாரம் வேண்டாம். நீ பஸ்ஸுல போ தாயி" என்று கையில் சில்லறையும் கொடுத்தேன். அவள்மேல் ஒரு கீறல் பட நான் சம்மதிப்பேனா?

ஒரு தவறு நடந்தது. கழற்றிய பழைய சாமானைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுப்பது என் கடை வழக்கம். மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பழைய ஃபில்டரோடு அந்தத் தொண்ணூற்றைந்தாம் நம்பர் ஜெட்டையும் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

திங்கள் காலை ஆறு இருபதுக்கு, விக்ரோலி தாண்டி, பின்சக்கரம் நின்றது. பின்னால் லாரி வந்திருக்கிறது. அதை நான் நினைக்கவில்லை. கீழே விழுவார், கால் உடையும், பூனா வேலை போகும் என்றுதான் நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடும். அதனால் எழுதாமல் விடுகிறேன்.

முத்துமாரி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு மணிக்குக் கேரியர் வந்தது. எல்லாம் பழையபடி ஆகியிருக்க வேண்டும், அந்தச் சத்தம் மட்டும் இல்லாதிருந்தால்.

திறந்த ஃபில்டருக்கு ஒரு சத்தம் உண்டு. முறுக்கும்போது காற்றை உறிஞ்சும், தண்ணீருக்குள் முங்கியவன் மேலே வந்து மூச்சை இழுப்பதுபோல. மாப்பிள்ளை சந்து முனையில் திரும்பும்போது ஒரு தடவைதான் கேட்டேன். மறுநாள் காலை குழாயைத் திறந்தேன். தண்ணீர் வருவதற்கு முன் குழாய் காற்றை இழுக்குமே, அதில் அது இருந்தது. பிறகு பஸ் கதவில் கேட்டது. முத்துமாரி சூடான டீயை உறிஞ்சும்போது கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும்தான். வெளியே விடும் சத்தம் வருவதில்லை. அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு பிளக்கு என்ன கலர்ல இருந்துச்சி?"

"டீ கலரு" என்றேன். தலையாட்டினாள்.

ஒரு வாரம் கழித்து, "அன்னைக்கு என்னய மட்டும் ஏன் பஸ்ஸுல போவச் சொன்னிய?" என்றாள். வண்டிக்குப் பாரம் என்றேன். அதற்கும் தலையாட்டினாள். நொறுங்கிய வண்டி கடை ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு நாள் மாட்டுங்காவில் ஒருவருக்கு ரிப்பேர் பார்த்த வேறொரு வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தபோது, அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் பெட்ரோல் வாசனை. சின்ன வயதில் பழகிய வேலை, அதைத் தேடுகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வாரம்தான் செம்பூர் அறையைக் காலி செய்து சாமான்களைக் கொண்டுவந்திருந்தாள். செய்தித்தாள் பொட்டலமும் அதில் வந்திருக்கிறது.

முந்தாநாள் மதியம் கேரியரைத் திறந்து சோறு போட்டாள். ஊறுகாய் வைக்கிற இடத்தில் இரண்டு ஜெட்டுகளை வைத்தாள். உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவை அவைதான்.

"ரெண்டையும் வெயில்ல பிடிச்சு நம்பர் சொல்லுங்கண்ணே. ஒண்ணு வண்டிக்குள்ள இருந்துச்சி. இன்னொண்ணு நீங்க சுத்திக் குடுத்த பேப்பர்ல இருந்துச்சி."

"கண்ணு தெரியல தாயி, பொறவு பாக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. உப்பும் உறைப்பும் சரியாக இருந்தன. நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கழுவினாள். ஜெட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

புகாரில் அவள் கையெழுத்து இருக்கிறது என்று காட்டினீர்கள். பார்த்தேன், அவளுடையதுதான். புருஷனைப் பறிகொடுத்தவள், மனம் ஒரு நிலையில் இருக்காது. எல்லாம் நானே செய்தேன், தெரிந்தே செய்தேன். ஆனால் அவளுக்காகத்தான் செய்தேன். நாலு நாள் போனால் அவளுக்கே புரியும்.

மணி ஒன்றாகப் போகிறது. வடாபாவ் வாங்கிவரட்டுமா என்று நெல்லையப்பன் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முத்துமாரி கேரியரோடு வருவாள். வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள், உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.