இருபத்து மூன்றாம் பக்கத்துக் குற்றவாளிகள்

கழுத்தில் நகராட்சிச் சங்கிலியும் முகத்தில் நகராட்சிக் களைப்பும் ஒருங்கே துலங்க, இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் கவுன்சிலர் ஹோரஸ் விட்டேக்கர் அவர்களே! ஹேவர்ஷா நகரத்தின் மூத்தோர்களே! மழை என்றும் பாராமல் (மழையைப் பார்த்தால் இந்த லங்காஷயர் சீமையில் யார்தான் வீட்டை விட்டு இறங்க முடியும்?) முதல் ஐந்து வரிசைகளையும் ஈரக் குடைகளாலும் கூரிய பார்வைகளாலும் நிறைத்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் கட்டளைக்குப் பணிந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்சுவர் ஓரம் நிற்கும் கணவன்மார்களே! எல்லாருக்கும் மேலாக, தமக்கும் இந்தக் கூட்டத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல் என் வலப்பக்கம் அமர்ந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கும் விழா நாயகியே, எண்பத்து நான்கு காதல் நாவல்களின் அன்னையே, திருமதி எட்னா ஹார்கிரீவ்ஸ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பொது நூலகத்தின் தலைமை நூலகன் க்ளிஃபர்ட் பென்டிலின் தலை தாழ்ந்த வணக்கம்.

என்ன அங்கே? கேட்கவில்லையா? முப்பத்தோராண்டுகளாக ‘அமைதி, அமைதி’ என்று சொல்லியே தேய்ந்த தொண்டை, ஐயா. இதற்கு மேல் எழும்பாது. கொஞ்சம் முன்னால் வந்து நில்லுங்கள்.

இந்த அம்மையாரைப் பாராட்டிப் பேச இந்த ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் மறுத்துவிட்டார்கள். ஏன்? நம் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்வது, உள்ளாடையோடு கடைவீதிக்குப் போவது போன்ற காரியம். ‘பரவாயில்லை’ என்பதுதான் நமது அகராதியின் ஆகப் பெரிய பாராட்டு. என் திருமணத்தன்று என் மாமனார் என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லும் அதுவே. ஆகவே, இவருடைய நாவல்களை இந்த நகரத்திலேயே மிக அதிகமாக இகழ்ந்தவன் எவனோ, அவனையே மேடையேற்றுவது என்று முடிவாகிவிட்டது. நானும் வந்து நிற்கிறேன்.

யார் இந்த எட்னா? டிராம் வண்டி நடத்துனரின் மகள். கையுறைக் கடையில் விற்பனைப் பெண். செலஸ்டின் டெவரல் என்ற புனைபெயர் சூடி, அர்ஜென்டினாவின் பண்ணைகளையும் அரேபியாவின் பாலைவனங்களையும் வெனிஸ் நகரத்து நீர்வீதிகளையும் நமக்கு அள்ளி அள்ளித் தந்தவர். அங்கெல்லாம் போயிருக்கிறாரா? இல்லை. அதிகபட்சம் ப்ளாக்பூல் கடற்கரை வரை போயிருக்கிறார். அங்கும் மழை. மதியம் இரண்டு முதல் ஐந்து மணி வரை, சமையலறை மேசையில், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு வேக, மறுபக்கம் பிரபுக்களின் நெஞ்சம் வேக, எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். எத்தனை பிரபுக்கள்! எத்தனை இறுகிய தாடைகள்! நூற்று நாற்பதாம் பக்கம் வரை முத்தம் கிடையாது என்பது பதிப்பகத்தின் சட்டம். அந்த நூற்று நாற்பது பக்கமும் கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்பான்.

அவரது சொந்தக் காதலைக் கேளுங்கள். கணவர் வால்டர், நகராட்சிச் சாக்கடை மேற்பார்வையாளர். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார் பாருங்கள். கதாநாயகனை மிஞ்சும் இவர், கதாநாயகியை மிஞ்சும் அவரிடம், பேருந்து நிறுத்தத்தில் வைத்து மனம் திறந்த வாசகம் இது: “என்ன எட்னா, கட்டிக்கலாமா? சீக்கிரம் சொல்லு, பஸ் வருது.” எட்னா என்ன சொன்னார்? “முதல்ல ஏறு, உக்காந்து பேசலாம்.” நாற்பத்து மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய இலக்கியத்தை நான் எப்படி நடத்தினேன்? நூலகத்தின் கடைக்கோடியில், வெந்நீர்க் குழாய்க்கும் ஒட்டடைக்கும் இடையில் அலமாரி ஒதுக்கினேன். தாய்மார்கள் அங்கே பதுங்கிப் பதுங்கிப் போவதையும், எடுத்த நாவலின் மேல் சமய நூல் ஒன்றை வைத்து மூடிக்கொண்டு வருவதையும் பார்த்து நான் சிரித்ததுண்டு. இறைச்சிக் கடை வரிசையில் எட்னாவின் பின்னால் நின்றுகொண்டு அவருடைய நாவலையே பைக்குள் ஒளித்து வைத்திருந்த பெண்கள், அவரிடம் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருத்தியாவது, ஒரே ஒருத்தியாவது, ‘உங்க கதை படிச்சேன்’ என்று சொன்னாளா? சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நிலையில்தான் லண்டனிலிருந்து பதிப்பாளரின் கடிதம் வந்தது. ‘அம்மையீர், தங்கள் வாசகர்கள் காலமாகிவிட்ட ஒரு காலத்தைச் சேர்ந்தவர்கள். எண்பத்து நான்காவது நாவல் தேவைப்படாது.’ எட்னா அதை நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? மறுக்க ஒரு சாட்சி உண்டா? பாதி எழுதியிருந்த அந்த நாவலின் பதினோராம் அத்தியாயத்தில், கதாநாயகி பெட்டியும் கையுமாக ரயிலடியில் மழையில் நிற்கிறாள். அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டு எட்னா பேனாவை மூடிவிட்டார்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “மிஸ்டர் பென்டில், என் புத்தகத்தையெல்லாம் எடுத்துடுங்க.”

“எங்கே எடுத்துட்டுப் போகணும்?” என்றேன்.

“எங்கேயாவது. யாரும் படிக்காம அங்க அடுக்கி வச்சிருக்கிறதப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு. குழாய்ப் பக்கம் வேற, பாவம்.”

தாய்மார்களே, அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை என்னவென்பேன்! ஒழிந்தது பிரபுக்களின் படை! ஒழிந்தது தாடைகளின் தர்பார்! ஆனால் இது நகராட்சி நூலகம். எண்பத்து மூன்று நூல்களை நீக்க வேண்டுமானால் குழுவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் காரணம் வேண்டும். ‘ஆசிரியர் மனம் உடைந்தார்’ என்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கிழிசல், ஈரம், கிறுக்கல், இந்த மூன்றுதான் உண்டு. கிறுக்கலைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், எனக்கு ஒரு பழைய பகை இருந்தது.

இந்த நூல்களின் இருபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் கிடக்கும். ஒரு வட்டம், ஒரு தேநீர்க் கெட்டில், ஒரு பூ, இரண்டு கோடு. நூல்களில் எழுதக் கூடாது என்னும் நூலக விதி பதினான்கை மீறிய மாபாதகம்! அந்தக் குற்றவாளிகளை ஆண்டுக்கணக்காகத் தேடியவன் நான். இப்போது பழி தீர்க்கும் நேரம் வந்தது என்று, ஆறு வாரம் உட்கார்ந்து, எண்பத்து மூன்று நூல்களின் எல்லாப் பிரதிகளையும் திறந்து, ஒவ்வொரு குறியையும் எண்ணி, மூன்று நகல்களில் தட்டச்சு செய்தேன். அந்த நூல்களைப் படித்தேனா என்று கேட்காதீர்கள். இருபத்து மூன்றாம் பக்கத்தை அடைய முதல் பக்கத்தைக் கடந்துதானே ஆக வேண்டும்? அதற்குப் பிறகு கடைசிப் பக்கமான நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை போனது ஆய்வின் ஒழுங்குக்காக. யார் அது பொய் என்றது? ஆலிவ் அம்மையாரே, உங்களிடம் பிறகு வருகிறேன்.

குழுக் கூட்டம் ஒரு வியாழன் பிற்பகல். ‘நூலகத்தில் நாசவேலை’ என்று உள்ளூர் நாளிதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அதனால் பார்வையாளர் பகுதி முழுக்கப் பெண்கள். எல்லாரும் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாதா கோயிலில் இருப்பதுபோல் அமர்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் எட்னா. இன்று இங்கே தலைமை வகிக்கும் விட்டேக்கர் அவர்கள்தான் அன்று அங்கேயும் தலைவர். நான் எழுந்தேன். குரலை உயர்த்தினேன். “‘கோர்டோபாவில் ஒரு கோபம்’ நூலில் நாற்பத்தொரு குறிகள்! ‘பிரபுவின் பிழை’ நூலில் முப்பத்தெட்டு! ‘பனியில் வந்த பதில்’ நூலில், அவையோரே, இடம் போதாமல் பக்கத்தின் தலைமாட்டிலும் போட்டிருக்கிறார்கள்! ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு!”

கடைசி வரிசையில் எட்னா எழுந்து நின்றார். “எத்தனைன்னு சொன்னீங்க?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு.”

“இன்னொரு தடவை சொல்லுங்களேன்.”

அடடா, அதிர்ந்துபோய்விட்டார் என்று நினைத்த மடையன், இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் அவர்கள் மேசையைத் தட்டினார். “இந்தக் காரியத்தப் பண்ணினது யாரு? இந்தக் கூட்டத்துல இருந்தா மரியாதையா எழுந்திருங்க!”

மடியில் கைப்பைகள் இன்னும் இறுகின. பிறகு ஆலிவ் என்ட்விசில் அம்மையார் எழுந்தார். மாதர் சங்கத்தின் பொருளாளர்! தேவாலயத்தின் பூ அலங்காரப் பொறுப்பாளர்! “கெட்டில் என்னோடது” என்றார்.

“நீங்களா?” என்றார் தலைவர்.

“பின்ன என்னங்க பண்றது? எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கு. குறி போடாட்டி எதப் படிச்சோம், எதப் படிக்கலன்னு எப்படித் தெரியும்? படிச்சதையே தூக்கிட்டு மழையில வீட்டுக்குப் போறதா?”

“ஏன் இருபத்து மூணாம் பக்கம்?”

“முன்னாடி போட்டா இந்தப் பென்டில் பாத்துடுவாரு. பின்னாடி போட்டா முடிவு கண்ணுல பட்டுடும்.”

ஆசிரியரை வைத்துக்கொண்டே சொன்னார்! எட்னா தலையசைத்தார். “அவங்க சொல்றது வாஸ்தவம்தான். எனக்கே சில சமயம் குழம்பிடும்.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. “பூ என்னோடது!” “ரெண்டு கோடு நான்!” “வட்டம் நானு, உள்ள புள்ளி வச்சா அது எங்க நாத்தனாரு!” ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். கண்ணியமிக்க குடும்பத் தலைவிகள், கறைபடாத கையுறைக்காரிகள், இருபத்தாறு பேர் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தலைவரே, அதில் தங்கள் துணைவியாரும் ஒருவர். மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விடத்தான் நினைத்தேன்.

கடைசியாக எழுந்தவர் பெரில் கிரிம்ஷா. “மீன் படம் எங்கம்மாவோடது. அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு.”

“அப்ப நீங்க உக்காரலாம்மா, உங்க மேல குத்தம் இல்ல” என்றார் தலைவர். பெரில் உட்காரவில்லை. “நான் குறியெல்லாம் போடறதில்லைங்க. மீன் இருக்கான்னு பாத்து, இருந்தா எடுத்துட்டுப் போவேன். அம்மா படிச்சதுதானேன்னு. படிச்சிட்டிருக்கும்போது, இந்த எடத்துல அம்மா சிரிச்சிருக்கும்னு தோணும். மிஸ்டர் பென்டில், உங்க பட்டியல்ல மீன் எத்தன?”

தேடிப் பார்த்தேன். “ஐம்பத்தேழு.”

“நான் ஐம்பத்து மூணு படிச்சிட்டேன்.” அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எழுதிவைக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. “அப்ப இன்னும் நாலு இருக்கு. அதத் தூக்கிடாதீங்க சார்.”

எட்னா வரிசைகளைக் கடந்து பெரிலிடம் வந்தார். தழுவிக்கொண்டாரா? கண்ணீர் உகுத்தாரா? எண்பத்து மூன்று நாவல்களில் உகுத்தவர் நேரில் உகுப்பாரா? நம் ஊர்க்காரர் அல்லவா? “அது என்ன மீன், கண்ணு?” என்றார்.

“தெரியலம்மா. அம்மா மீன் வறுவல் கடையில இருந்தாங்க. வரையத்தான் வராது.”

“பரவாயில்ல” என்றார் எட்னா. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். “என் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறேங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும். ஒரு பொண்ண போன செப்டம்பர்லேர்ந்து மழையில நிக்க வச்சிருக்கேன்.” போகிற போக்கில் என் கையிலிருந்த மூன்றாம் நகலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அவையோரே, அந்த நகல் லண்டனுக்குப் போனது. பதிப்பாளர் படித்தார். நான் குற்றப்பத்திரிகை என்று எழுதியதை அவர் வாசகர் கணக்கெடுப்பு என்று எண்ணிவிட்டார்! ‘இத்தகைய அர்ப்பணிப்பு மிக்க ஆய்வாளர் கிடைத்தது தங்கள் பேறு’ என்று என்னைப் புகழ்ந்து, எண்பத்து நான்காவது நாவலையும் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறார். எட்னாவை அழிக்கப் புறப்பட்டேன். அவருக்கு விளம்பரம் செய்து முடித்தேன். என் பணிக்காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் தவறிச் செய்தது.

இதோ அந்த எண்பத்து நான்காவது நாவல். கதாநாயகி நனைந்தது போதும் என்று ரயிலேறிவிட்டாள். கதை எப்படி? முந்தைய எண்பத்து மூன்றைப் போலவேதான். கவலை வேண்டாம்.

பெரில், மேடைக்கு வாருங்கள். முதல் பிரதி உங்களுக்கு. வேண்டாமா? என்ன சொல்கிறார்? ‘இதுல அம்மா இருக்க மாட்டாங்களே’ என்கிறார். வாருங்கள் பெரில், அவருக்கு வழி விடுங்கள் தாய்மார்களே. திறவுங்கள், இருபத்து மூன்றாம் பக்கம். அடிப்பகுதி வெறுமையாக இருக்கிறதா? அது நீங்கள் எல்லாரும் குறி போட்டுக்கொள்ள அச்சகத்தாரோடு எட்னா சண்டை போட்டு வாங்கிய இடம். அந்த மூலையில் பாருங்கள். அச்சில், கறுப்பு மையில், கோணல் வாலோடு ஒரு மீன். இந்த நாட்டில் விற்கப்போகும் ஒவ்வொரு பிரதியிலும் அது இருக்கிறது. விதி பதினான்கு வாசகர்களைத்தான் கட்டுப்படுத்தும், அச்சகத்தை அல்ல. நான் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

தலைமையேற்ற பெருந்தகைக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்துக்கும், குற்றத்தை ஒப்புக்கொண்ட இருபத்தாறு வீராங்கனைகளுக்கும், என் ஆணவத்தை நாவலில் அச்சேற்றாமல் விட்ட எட்னா அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைக் காணிக்கையாக்கி, உங்கள் அனைவரையும் வணங்கி அமர்கிறேன். பெரில், புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுங்கள் அம்மா. பக்கம் நனைந்தால் ஈரம் என்று நான் படிவம் எழுத வேண்டி வரும்.